மீன் கூட்டத்தின் எதிரொலி: மன்னார் வளைகுடாவில் ஒலிவழி மீன் ஆய்வின் வரலாறு

நீருக்குள் ஒலியைச் செலுத்தி, அது மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு அக்கூட்டம் இருக்கும் இடம், ஆழம், அளவு ஆகியவற்றை அறியும் முறை ஒலிவழி மீன் ஆய்வு எனப்படும். இதற்கு எதிரொலிமானி, சோனார் ஆகிய இரு கருவிகள் பயன்படுகின்றன. எதிரொலிமானி படகுக்கு நேர் கீழே உள்ளதைக் காட்டும். சோனார் படகின் முன்னும் பக்கவாட்டிலும் உள்ளதைக் காட்டும். தமிழகக் கடற்கரையில் எதிரொலிமானியை 'எக்கோ சவுண்டர்' என்றும் 'பிஷ் பைண்டர்' என்றும் மீனவர்கள் அழைக்கின்றனர்.

தென்தமிழகக் கடலைப் பொறுத்தவரை இம்முறையின் பெரிய பயன் 1970களில் தெரியவந்தது. கேரளக் கரையோரம் வாழும் நெத்திலிக் கூட்டங்கள் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே நகர்ந்து மன்னார் வளைகுடாவில் குவிகின்றன என்பதை ஆய்வுக் கப்பல்களின் எதிரொலிப் பதிவுகள் வெளிப்படுத்தின. ஆனால் எதிரொலி கூட்டத்தைக் காட்டியதே தவிர, அது நெத்திலிதான் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வலையும், வலையில் விழுந்ததைக் கண்டு இனம் பிரிக்கத் தெரிந்த மனிதர்களும் தேவைப்பட்டனர். இந்த நிலை இன்றும் பெரிதாக மாறவில்லை.

ஆறும் கடலும்

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கடனாநதிப் பாசனப் பகுதியில் அமைந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. 2019ஆம் ஆண்டு தென்காசி தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. கடனாநதி திருப்புடைமருதூர் அருகே தாமிரபரணியில் கலக்கிறது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. ஆகவே ஆழ்வார்குறிச்சி வயல்களில் பாய்ந்து வடியும் நீரின் கடைசி இருப்பிடம், இக்கட்டுரை பேசும் அதே கடல்தான்.

இந்த ஆற்றின் மேற்பகுதியில் மீன் கூட்டத்தைக் காணக் கருவி வேண்டியதில்லை. பாபநாசம் படித்துறையில் ஒரு பிடி பொரியைத் தூவினால் மீன்கள் திரண்டு வருவதைக் கண்ணாலேயே காணலாம். நீர் தெளிவு, ஆழம் குறைவு. கடலில் நிலைமை வேறு. தெளிந்த கடலிலும் ஆழம் செல்லச் செல்ல ஒளி மங்கிவிடுகிறது. ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே பார்ப்பதற்குப் போதிய ஒளி இல்லை. ஆற்று வண்டல் கலந்த கரையோர நீரிலோ சில மீட்டர்களுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆனால் ஒளி நின்றுவிடும் நீரில் ஒலி நெடுந்தொலைவு செல்லும். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது.

கருவி வருவதற்கு முன்

எதிரொலிமானி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மீனவர்கள் மீன் கூட்டத்தை அறிந்திருந்தனர். நீரின் நிறம் மாறுவது, மேற்பரப்பு சிலிர்ப்பது, கடற்பறவைகள் ஓரிடத்தில் தாழப் பறந்து பாய்வது, இரவில் மீன் கூட்டம் கலக்கும் இடத்தில் நீர் ஒளிர்வது ஆகியவை அவர்களுடைய அடையாளங்கள். காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் கொண்டு எந்த மாதத்தில் எந்த மீன் வரும் என்று கணித்தனர். ஆழத்தை அளக்கக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, நனைந்த நீளத்தைப் பாகக் கணக்கில் சொன்னார்கள். இரு கைகளையும் அகல விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம்; அது ஏறத்தாழ ஆறடி.

ஒலியைக் கேட்டு மீனை அறியும் வழக்கமும் பழையதே. மலாய் நாட்டில் நீருக்குள் தலையை அமிழ்த்தி மீன் கூட்டத்தின் ஓசையைக் கேட்டுச் சொல்லும் தேர்ந்த மீனவர்கள் இருந்தனர். இலங்கையில் தமிழர் வாழும் மட்டக்களப்பு, 'மீன் பாடும் தேனாடு' என்று பெயர் பெற்றது. அங்குள்ள வாவியில் நிலவொளி இரவுகளில் நீருக்கடியிலிருந்து எழும் இசை போன்ற ஒலியைத் துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பது வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டென்னன்ட் இந்த ஒலியைத் தாமே கேட்டு எழுதியிருக்கிறார்.

இவையெல்லாம் நீருக்குள் தானாக எழும் ஒலியைக் கேட்கும் முறைகள். மனிதனே ஒலியை அனுப்பி அதன் பதிலை வாங்கும் முறை 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது.

நீருக்குள் ஒலியை அனுப்பிய முயற்சிகள்

1826ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் கொலாடன், ஸ்டர்ம் ஆகிய இருவர் ஒரு சோதனை செய்தனர். ஒரு படகிலிருந்து நீருக்குள் மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தப்பட்டது. பல கிலோமீட்டர் தள்ளி மற்றொரு படகில் இருந்தவர், வெளிச்சம் தெரிந்த நேரத்துக்கும் நீர் வழியே மணியோசை கேட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். நன்னீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,435 மீட்டர் என்ற விடை கிடைத்தது. இன்றைய அளவீடுகளுக்கு அது மிக நெருக்கமானது.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. முன்னால் இருக்கும் தடையை எதிரொலியால் அறியும் முயற்சிகளை அந்த விபத்து விரைவுபடுத்தியது. ஜெர்மனியின் அலெக்சாண்டர் பேம் 1913இல் எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1914இல் ரெஜினால்ட் பெசன்டன் தமது ஒலிக்கருவியைக் கொண்டு அட்லாண்டிக் கடலில் பனிப்பாறை ஒன்றின் எதிரொலியைக் கேட்டார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் தேவை எழுந்தது. பிரான்சின் பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மனிதக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை நீருக்குள் அனுப்பி வாங்கும் கருவியை 1917 அளவில் உருவாக்கினார். மின்சாரம் கொடுத்தால் குவார்ட்ஸ் அதிரும்; ஒலி வந்து தாக்கினால் அதுவே மின்சாரம் தரும். ஒரே பொருள் வாயாகவும் காதாகவும் வேலை செய்தது. இன்றைய மீன்பிடிப் படகுகளின் அடியில் பொருத்தப்படும் கருவியும் இதே கொள்கையில் இயங்குகிறது.

மீன் தென்பட்ட காலம்

ஆழம் அளப்பதற்காகக் கப்பல்களில் வைத்த கருவிகளில், கடற்தரைக்கு மேலே இடைநீரில் சில கூடுதல் தடங்கள் விழுந்தன. முதலில் அவை பிழையாகக் கருதப்பட்டன. பின்னர்தான் அவை மீன்களாக இருக்கலாம் என்ற எண்ணம் வந்தது. 1929இல் ஜப்பானின் கிமுரா, குளத்தில் விடப்பட்ட மீன்களின் ஊடே உயர் அதிர்வெண் ஒலியைச் செலுத்தி, மீன்கள் குறுக்கே வரும்போது சமிக்ஞை மாறுவதைக் காட்டினார். 1930களில் வடகடலில் ஹெர்ரிங் மீன் பிடித்த ரொனால்ட் பால்ஸ் என்ற ஆங்கிலேயப் படகுத் தலைவர், எதிரொலிமானியின் தடத்தையும் வலையில் விழுந்த மீனையும் ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்தார். 1935இல் நார்வேயின் ஆஸ்கர் சுன்ட், லோபோட்டன் தீவுகளை அடுத்த கடலில் 'யோகான் யோர்ட்' ஆய்வுக் கப்பலிலிருந்து பதிவு செய்த காட் மீன்களின் எதிரொலிப் படங்களை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அந்த மீன்கள் கடலெங்கும் பரவியிராமல் ஒரு குறுகிய அடுக்காக நின்றதை அப்படங்கள் காட்டின.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மற்றொரு வியப்பு காத்திருந்தது. 1942இல் கலிபோர்னியாவை அடுத்த ஆழ்கடலில் சோனார் சோதனை செய்தவர்களுக்குப் பல நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு 'பொய்த்தரை' தெரிந்தது. அது பகலில் ஆழத்திலும் இரவில் மேற்பரப்புக்கு அருகிலும் இருந்தது. தரை நகராது; நகர்வது உயிர்களாகத்தான் இருக்க வேண்டும். சிறு மீன்களும் இறால் வகை உயிர்களும் நாள்தோறும் ஏறி இறங்குவதால் உண்டாகும் அந்த அடுக்கை ஆழ் ஒலிச்சிதறல் அடுக்கு என்று பின்னர் பெயரிட்டனர்.

போர் முடிந்ததும் கருவி மீனவர் கைக்கு வந்தது. ஜப்பானின் நாகசாகிப் பகுதியில் கப்பல்களின் மின்சாதனங்களைப் பழுதுபார்த்துவந்த ஃபுருனோ சகோதரர்கள், குமிழிகள் எழும் இடத்தில் மீன் இருக்கும் என்று மீனவர்கள் சொல்வதைக் கவனித்தனர். குமிழியில் ஒலி எதிரொலிக்கும் என்பதால் மீனையும் ஒலியால் அறியலாம் என்று எண்ணினர். போரில் பயன்பட்ட எதிரொலிமானியை மாற்றியமைத்து, 1948இல் நடைமுறைக்கு ஏற்ற மீன்காட்டும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதன் தொடக்கத்தில் ஒரு மீனவரின் அனுபவ அறிவு இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

கருவி இயங்கும் விதம்

கருவியின் அடிப்படைக் கணக்கு பள்ளி மாணவர்களும் செய்யக்கூடியது. ஒலி கீழே போய்த் திரும்ப எடுத்த நேரத்தை வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஆழம் கிடைக்கும். எதிரொலி 0.08 நொடியில் திரும்பினால், 1,500 × 0.08 = 120; அதில் பாதி 60 மீட்டர். அந்த 60 மீட்டரில் தரை இருக்கும்போது, 0.04 நொடியிலும் ஓர் எதிரொலி வந்தால், 30 மீட்டர் ஆழத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள்.

அந்த 'ஏதோ ஒன்று' மீனாக இருந்தால், ஒலியைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதன் சதையன்று. உடலுக்குள் இருக்கும் காற்றுப்பை. மீனின் சதை பெரும்பாலும் நீரைப் போன்றதே ஆதலால் ஒலி அதனூடே கடந்துபோய்விடும். காற்று நீரிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. ஆகவே ஒலி அதில் மோதித் திரும்புகிறது. காற்றுப்பை உள்ள மீனின் எதிரொலியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதிலிருந்தே வருகிறது. நெத்திலிக்கும் சாளைக்கும் காற்றுப்பை உண்டு. சூரை இனத்தில் சிலவற்றுக்கும், வஞ்சிரத்துக்கும், சுறாக்களுக்கும் காற்றுப்பை இல்லை. எனவே பெரிய வஞ்சிரம் ஒன்று, தன்னைவிட மிகச் சிறிய மீனைவிடவும் மங்கலாகத் தெரியக்கூடும்.

ஒலியின் அதிர்வெண்ணும் முக்கியம். ஆய்வுக் கப்பல்களில் பரவலாகப் பயன்படும் 38 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர். அது ஆழமாகச் செல்லும். சிறு படகுகளில் காணப்படும் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7.5 மில்லிமீட்டர்; அது நுணுக்கமாகக் காட்டும், ஆனால் விரைவில் தேய்ந்துவிடும்.

கருவிக்குக் குருட்டுப் பகுதிகளும் உண்டு. ஒலித்துடிப்பு ஒரு மில்லிநொடி நீடித்தால் நீரில் அதன் நீளம் 1.5 மீட்டர். தரைக்கு மேலே அதில் பாதியளவு, அதாவது 75 சென்டிமீட்டருக்குள் கிடக்கும் மீனின் எதிரொலி தரையின் எதிரொலியோடு கலந்துவிடும். கப்பலின் அடிப்பகுதிக்கு மேலே, மேற்பரப்பை ஒட்டி நீந்தும் மீனும் எதிரொலிமானிக்குத் தெரியாது.

இந்தியக் கடலில்

1947இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் தலைமையிடம் நெடுங்காலம் மண்டபத்தில் இருந்து, பின்னர் கொச்சிக்கு மாறியது. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றுக்கிடையே உடன்பாடு ஏற்பட்டு, கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கியது. விசைப்படகுகளும் புதிய வலைகளும் தென்னிந்தியாவில் பரவ அத்திட்டம் வழிவகுத்தது. பின்னர் மண்டபத்திலும் அதன் நிலையம் அமைந்தது. எதிரொலிமானியுடன் வந்த நார்வேயின் கப்பல்கள் இந்தியக் கடற்தரையையும் அதன் மீன்வளத்தையும் ஆராய்ந்தன. அவற்றுள் 'வருணா' என்ற ஆய்வுக் கப்பல் 1960களில் செய்த பயணங்களின் முடிவுகளை இ. ஜி. சைலஸ் தொகுத்து வெளியிட்டார். லட்சத்தீவுக் கடலில் ஆழ் ஒலிச்சிதறல் அடுக்கு குறித்தும் அவர் ஆராய்ந்தார். பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

மீன் கூட்டங்களைப் பற்றிய பெரிய அளவிலான ஒலிவழிக் கணக்கெடுப்பு 1971இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் உணவு வேளாண்மை அமைப்பும் இந்திய அரசுடன் சேர்ந்து கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு மேல்நீர் மீன்வளத் திட்டத்தை நடத்தின. சாளையும் அயிலையும் (கானாங்கெளுத்தி) சில ஆண்டுகளில் கொட்டும், சில ஆண்டுகளில் காணாமற்போகும். அவை எங்கே போகின்றன, மொத்தம் எவ்வளவு இருக்கின்றன என்பதே திட்டத்தின் கேள்வி. ஆய்வுப் பரப்பு மகாராட்டிரத்தின் ரத்னகிரியிலிருந்து தெற்கே மன்னார் வளைகுடா வரை நீண்டது. கப்பல்களுக்கு மீன்களின் அறிவியற் பெயர்களையே சூட்டியிருந்தனர்: சாளையின் பெயரால் 'சார்டினெல்லா', அயிலையின் பெயரால் 'ராஸ்ட்ரெல்லிஜர்'. கப்பல் போக முடியாத ஆழமற்ற கரையோரங்களிலும், எதிரொலிமானிக்குத் தெரியாத மேற்பரப்பிலும் உள்ள கூட்டங்களைக் காண விமானத்திலிருந்தும் கணக்கெடுத்தனர்.

மன்னார் வளைகுடாவின் நெத்திலி

சாளையையும் அயிலையையும் தேடிச் சென்ற திட்டத்துக்கு, மற்றொரு மீன் பெரும் அளவில் தென்பட்டது. அது நெத்திலி. விரல் நீளமுள்ள இம்மீன் தமிழகத்தில் குழம்பாகவும் கருவாடாகவும் எளிய மக்களின் உணவாக இருந்துவருகிறது. ஆனால் கடலில் அதன் இருப்பு கரையில் இறங்கும் அளவைக் கொண்டே மதிப்பிடப்பட்டுவந்தது. அந்தக் காலத்தில் நெத்திலி பிடித்தவை பெரும்பாலும் கட்டுமரங்களும் வள்ளங்களும். அவை செல்லும் தூரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது கணக்கில் வரவில்லை.

கப்பல்கள் ஒரே பாதைகளில் மாதந்தோறும் திரும்பத் திரும்பச் சென்று பதிவு செய்தபோது ஒரு போக்கு தெரிந்தது. தென்மேற்குப் பருவமழை வலுக்கும்போது நெத்திலிக் கூட்டங்கள் மேற்குக் கரையோரமாகத் தெற்கே நகர்ந்தன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கன்னியாகுமரியைச் சுற்றி மன்னார் வளைகுடாவில் அடர்த்தியாகத் திரண்டன. மழை ஓய்ந்ததும் மீண்டும் வடக்கே பரவின. பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் சிறு படகுகள் அதிகம் போக முடியாத அதே மாதங்களில்தான் இந்தக் குவிதல் நடந்தது. இதுவே அது முன்னர் முழுமையாக அளக்கப்படாமல் இருந்ததற்கு ஒரு காரணம் எனலாம். 

ஒரு மாவட்டக் கடலில் பிடிபடும் மீன் அந்த மாவட்டத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இக்கண்டுபிடிப்பு தெளிவாக்கியது. கொல்லத்து மீனவரும் தூத்துக்குடி மீனவரும் வெவ்வேறு மாதங்களில் ஒரே கூட்டத்தைப் பிடிக்கிறார்கள். ஓரிடத்தில் அளவுமீறிப் பிடித்தால் மற்ற இடத்திலும் குறையும்.

எதிரொலி சொல்லாத பெயர்

திரையில் தெரிந்த கூட்டம் நெத்திலி என்று எப்படி உறுதி செய்தார்கள்? எதிரொலி தெரிந்த ஆழத்தில் வலையை இழுத்து, விழுந்த மீனை இனம் பிரித்து, நீளம் அளந்து, அதன் பிறகே பெயர் எழுதினார்கள். உலகெங்கும் இன்றும் இதுவே முறை. அனுபவமுள்ளவர்கள் கூட்டத்தின் வடிவத்தைக் கொண்டு ஊகிப்பது உண்டு. பகலில் இறுக்கமாகத் திரளும் மீன்களில் பல இரவில் கலைந்து பரவும். காரல் போன்றவை தரையை ஒட்டி நிற்கும். இவையெல்லாம் துணைச் சான்றுகளே.

பெயரும் நீளமும் தெரியாவிட்டால் எண்ணிக்கையும் தவறிவிடும். ஒரே இன மீனின் எதிரொலி ஆற்றல் ஏறத்தாழ அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 சென்டிமீட்டர் மீனின் எதிரொலியை 1 அலகு என்று கொண்டால், 20 சென்டிமீட்டர் மீனின் எதிரொலி 4 அலகு. ஒரு கூட்டத்திலிருந்து மொத்தம் 4,000 அலகு எதிரொலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவை 10 சென்டிமீட்டர் மீன்கள் என்றால் 4,000 மீன்கள். 20 சென்டிமீட்டர் மீன்கள் என்றால் 1,000 மட்டுமே. எடையோ நீளத்தின் கனத்தைப் பொறுத்தது. சிறிய மீன் 10 கிராம் என்றால், இருமடங்கு நீளமுள்ளது 80 கிராம். எனவே முதல் கணக்கில் கிடைப்பது 40 கிலோ, இரண்டாவதில் 80 கிலோ. ஒரே எதிரொலிக்கு இரு விடைகள். எது சரி என்பதை வலைதான் சொல்ல வேண்டும்.

வெப்பமண்டலக் கடலில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நார்வேயை அடுத்த குளிர்க் கடலில் ஒரு பெரிய கூட்டம் என்றால் அது பெரும்பாலும் ஒரே இனம். மன்னார் வளைகுடாவிலோ நெத்திலி, சாளை, காரல், பாரை எனப் பல இனங்கள் அடுத்தடுத்தும் கலந்தும் திரிகின்றன. குளிர்நாட்டுச் சூத்திரத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது. உள்ளூர் மீனை உள்ளூர்ப் பெயரால் அறிந்தவர்களின் துணை ஆய்வுக்கு இன்றியமையாதது.

இச்சிக்கலைக் குறைக்கப் பின்னர் பல வழிகள் வந்தன. 1960களில் நார்வேயில் உருவான எதிரொலித் தொகுப்பான், கண்ணால் பார்த்து மதிப்பிடுவதற்குப் பதிலாக எதிரொலி ஆற்றலைக் கூட்டிக் கணக்கிட்டது. ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களை அனுப்பி ஒப்பிடும் முறை, மீன்களையும் மிக நுண்ணிய மிதவை உயிர்களையும் பிரித்தறிய உதவுகிறது. கணினியைப் பழக்கி எதிரொலி வடிவங்களை வகைப்படுத்தும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆனால் கணினியைப் பழக்குவதற்கும் முதலில் வலையில் பிடித்துப் பெயரிட்ட சான்றுகள் வேண்டும்.

ஆய்வும் வேட்டையும்

மீனை அளக்கும் கருவியே மீனைப் பிடிக்கவும் உதவுகிறது. இதன் விளைவை நார்வேயின் ஹெர்ரிங் மீன் வரலாறு காட்டுகிறது. 1950களில் வட அட்லாண்டிக்கின் ஹெர்ரிங் இருப்பு உலகின் மிகப் பெரிய மீன் இருப்புகளில் ஒன்று. 1960களில் சோனாரும், பெரிய சுருக்குவலையை இயந்திரத்தால் இழுக்கும் வசதியும் ஒன்றுசேர்ந்தன. முன்பு தேடிக் களைத்த படகுகள் இப்போது கூட்டத்துக்கு நேராகச் சென்றன. அந்தப் பத்தாண்டின் முடிவில் இருப்பு சரிந்துபோனது. பிடிப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய பிறகும் அது மீள ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

கூட்டமாக வாழும் மீனுக்கு இதில் தனி ஆபத்து உண்டு. மொத்த எண்ணிக்கை குறைந்தாலும் எஞ்சியவை மீண்டும் கூட்டமாகவே சேரும். கருவி அந்தக் கடைசிக் கூட்டத்தையும் காட்டும். ஆகவே வலை நிறைவதைப் பார்த்துக் கடலில் மீன் நிறைய இருப்பதாக நினைக்க இடமுண்டு. கண்ணால் தேடிய காலத்தில், மீன் குறைந்தால் தேடும் நேரம் கூடும். அதுவே ஓர் எச்சரிக்கையாக இருந்தது. 

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடற்பகுதியில் மீன்பிடிப்பதைத் தடுக்கிறது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். சுருக்குமடி வலைக்கு 2000ஆம் ஆண்டில் மாநில அரசு தடை விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மாநிலக் கடல் எல்லைக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் நிபந்தனைகளுடன் அதைப் பயன்படுத்த இடைக்கால அனுமதி அளித்தது. சுருக்குமடி வலை ஒரு முழுக் கூட்டத்தையே சுற்றி வளைக்கக் கூடியது. நாட்டுப்படகு மீனவர்கள் அதை எதிர்ப்பதற்கும், பயன்படுத்துவோர் அதற்காகப் போராடுவதற்கும் காரணம் ஒன்றே: கூட்டம் முழுவதும் யாருக்கு என்ற கேள்வி. இந்தச் சட்டங்கள் வலையையும் தூரத்தையும் காலத்தையும் கட்டுப்படுத்துகின்றன. கூட்டத்தைக் காட்டும் கருவி எளிதில் கிடைக்கும் காலத்தில் அவற்றின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது.

இன்றைய நிலை

1984இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட 'சாகர் சம்பதா' என்ற ஆய்வுக் கப்பல் ஒலிவழிக் கருவிகளுடன் இந்தியக் கடல்களில் பணியாற்றிவந்தது. இலங்கைக் கடலில் 'டாக்டர் பிரித்யோஃப் நான்சன்' என்ற நார்வே ஆய்வுக் கப்பல் 1978 முதல் 1980 வரை இத்தகைய கணக்கெடுப்பை நடத்தியது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல் வெப்பநிலையையும் நீரின் பசுமையையும் கொண்டு மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. செயற்கைக்கோள் மேற்பரப்பைப் பார்த்துத் திசை சொல்கிறது. அங்கே போன பிறகு எத்தனை பாகத்தில் மீன் நிற்கிறது என்பதைப் படகில் உள்ள எதிரொலிமானி சொல்கிறது.

இத்துறையில் படிக்க விரும்பும் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாணவர்களுக்குத் தொலைவு அதிகமில்லை. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையும் அங்குள்ளது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. இயற்பியல் படித்தவர் ஒலியையும், விலங்கியல் படித்தவர் மீனையும், கணினி படித்தவர் பதிவுகளையும் கையாள, இத்துறை மூவரையும் ஒன்றாக வேலை செய்ய வைக்கிறது. எதிரொலிக்குப் பெயர் சொல்லத் தெரிந்த நான்காமவர் துறைமுகத்தில் வலை உலர்த்திக்கொண்டிருப்பார்.